பிரிக்காத பெட்டி: ஜப்பானில் வாழும் பிரேசில் மக்கள்



பிழைப்புக்காகத் தொலைதூரம் போகிறவர், போய்ச் சேர்ந்ததும் தன் பெட்டியை என்ன செய்வார்? அன்றாடம் உடுத்தும் துணியை மட்டும் வெளியே எடுப்பார். மற்றதை அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவைப்பார். "இரண்டு வருடத்தில் திரும்பப் போகிறோம், எல்லாவற்றையும் ஏன் பிரித்து அடுக்கவேண்டும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இறைவாக்கினர் எரேமியாவின் காலத்தில், பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களும் இதே மனநிலையில்தான் இருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற போலி இறைவாக்கினர் ஆசைகாட்டினார். ஆனால் எரேமியா எருசலேமிலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் விளைச்சலை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் வாழும் அந்த நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பது அக்கடிதத்தின் சாரம் (எரேமியா 29). ஒரே சொல்லில் சொன்னால், பெட்டியைப் பிரியுங்கள் என்றார். அந்தச் சொல் கேட்டவர்களுக்கு இனித்திருக்காது. ஆனால், அது அவர்களுடைய பிள்ளைகளை வாழவைத்த சொல்.

ஆண்டுதோறும் செப்டம்பர் மாத இறுதி ஞாயிறன்று, குடிபெயர்ந்தோர் மற்றும் புலம்பெயர்ந்தோரின் உலக நாளைத் திருஅவை சிறப்பிக்கிறது. 1914ம் ஆண்டு தொடங்கிய பழக்கம் இது. இந்நாளின் பொருளை உணர, உலகின் இரு எதிரெதிர் முனைகளில் உள்ள இரண்டு நாடுகளையும், அவற்றுக்கு இடையே போய், மீண்டும் வந்த ஒரு மக்களினத்தையும் இன்று நம் மனக்கண்முன் கொண்டுவருவோம். அவர்கள் ஜப்பானில் வாழும் பிரேசில் நாட்டவர்.

முதல் பயணம்

கதை 1908ம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஏப்ரல் மாதம், ஜப்பானின் கோபே துறைமுகத்திலிருந்து கசாதோ மாரு என்ற கப்பல் புறப்பட்டது. 52 நாள் கடல் பயணத்திற்குப்பின், ஜூன் 18ம் தேதி, அது பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. அதில் 165 குடும்பங்களைச் சேர்ந்த 781 ஜப்பானியர்கள் இருந்தனர்.

பிரேசிலுக்கு அவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள்? 1888ம் ஆண்டு மே மாதம் பிரேசில் அடிமைமுறையை ஒழித்தது. சாவோ பவுலோ மாநிலத்தின் காப்பித் தோட்டங்களுக்குப் புதிய கைகள் தேவைப்பட்டன. முதலில் இத்தாலியர்கள் பெருமளவில் வந்தார்கள். ஆனால், தோட்டங்களில் அவர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கேள்விப்பட்ட இத்தாலிய அரசு, பயணச் செலவைப் பிறர் ஏற்று ஆள்சேர்க்கும் முறைக்கு 1902ல் தடைவிதித்தது. மறுபக்கம், ஜப்பானின் கிராமங்களில் வறுமை. அமெரிக்க ஐக்கிய நாடோ 1907ல் ஜப்பானியத் தொழிலாளருக்குக் கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தது. இப்படி, ஒரு கதவு மூடியபோது மற்றொரு கதவு திறந்தது.

தனி ஆளாக வந்தால் ஓடிவிடுவார்கள் என்பதற்காக, குடும்பமாகத்தான் வரவேண்டும் என்றும், ஒரு குடும்பத்தில் குறைந்தது மூன்று பேராவது வேலை செய்யக்கூடியவராக இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது. எனவே, உறவினரையும் அறிந்தவரையும் சேர்த்துத் தாளில் மட்டும் குடும்பமாகி வந்தவர்களும் உண்டு. சில ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்து, ஊர் திரும்பி நிலம் வாங்கவேண்டும் என்பதே அவர்களுடைய கனவு. ஆனால், கூலி குறைவு. அரிசியும் உப்பும் தோட்டத்துக் கடையிலேயே கடனுக்கு வாங்கவேண்டிய நிலை. கடன் வளர்ந்தது, கனவு தள்ளிப்போனது. பலர் தோட்டத்தைவிட்டு வெளியேறி, சிறு நிலம் பிடித்துத் தாங்களே பயிர்செய்யத் தொடங்கினர். இரண்டாம் உலகப்போருக்கு முன்பே ஏறக்குறைய 1,90,000 ஜப்பானியர் பிரேசிலுக்கு வந்துவிட்டனர்.

போர்க்காலம் அவர்களைக் கடுமையாகச் சோதித்தது. அதற்கு முன்னரே, 1938ல் வேற்றுமொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. பின்னர் ஜப்பானிய மொழி நாளிதழ்கள் நின்றுபோயின. 1943ம் ஆண்டு ஜூலையில், சாந்தோஸ் நகரில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்கள் 24 மணி நேரத்தில் வெளியேறவேண்டும் என்று ஆணை வந்தது. எந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்களோ, அங்கிருந்தே அவர்கள் துரத்தப்பட்டார்கள். இந்தக் கொடுமைக்காகப் பிரேசில் அரசின் பொதுமன்னிப்பு ஆணையம் 2024ம் ஆண்டுதான் மன்னிப்புக் கேட்டது. 81 ஆண்டுகள்! அதைக் கேட்கவேண்டியவர்களில் பெரும்பாலோர் அப்போது கல்லறையில் இருந்தார்கள்.

இம்மக்களைத் தேடி ஒரு மேய்ப்பர் சென்றார் என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். ஜப்பானின் கோத்தோ தீவுகளில் 1865ம் ஆண்டு பிறந்த அருள்பணி தொமிங்கோஸ் நகாமுரா, தன் ஐம்பதுகளின் இறுதியில், பலர் ஓய்வைப்பற்றி எண்ணும் வயதில், 1923ம் ஆண்டு பிரேசிலுக்குக் கப்பலேறினார். சாவோ பவுலோவின் உட்பகுதிகளில் சிதறிக்கிடந்த ஜப்பானியக் குடும்பங்களைத் தேடித்தேடிச் சென்று, அவர்களுடைய மொழியிலேயே அவர்களுக்கு அருளடையாளங்களை வழங்கினார். 1940ல் அங்கேயே இறந்தார். தன் நாட்டு மக்கள் எங்கே பெட்டியைப் பிரித்தார்களோ, அங்கே அவரும் பிரித்தார்.

திரும்பிய பயணம்

அன்பார்ந்தவர்களே, 80 ஆண்டுகள் கழித்துக் காலச்சக்கரம் திரும்பியது. 1980களில் பிரேசிலின் பொருளாதாரம் நொறுங்கியது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்னும் அளவுக்கு விலைவாசி ஏறியது. ஆசிரியர்களும், அலுவலகப் பணியாளர்களும்கூட மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் திணறினர். அதேநேரம், ஜப்பானின் தொழிற்சாலைகள் ஆள் கிடைக்காமல் தவித்தன. அழுக்கான, ஆபத்தான, கடினமான வேலைகளை ஜப்பானிய இளைஞர்கள் தவிர்த்தார்கள்.

ஜப்பான் அரசு, வெளிநாட்டுத் தொழிலாளரை வெளிப்படையாக வரவேற்க விரும்பவில்லை. அதற்கு மாற்றாக, 1989ல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் 1990ம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் பிறந்த ஜப்பானிய வழித்தோன்றல்கள், பேரப்பிள்ளைகளின் தலைமுறை வரை, தங்கள் துணைவரோடும் பிள்ளைகளோடும் வந்து எந்த வேலையும் செய்யலாம் என்று அது வழிதிறந்தது. நம் இரத்தம்தானே, எளிதில் கலந்துவிடுவார்கள் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது.

அவர்கள் வந்தார்கள். 1990ல் ஜப்பானில் ஏறக்குறைய 56,000 பிரேசில் நாட்டவர் இருந்தனர். 2007ல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 3,17,000. ஷிசுவோகா மாநிலத்தின் ஹமமாட்சு, ஐச்சி மாநிலத்தின் டொயோட்டா, குன்மா மாநிலத்தின் ஓயிசுமி என, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மின்கருவிகளும் உருவாகும் ஊர்களில் அவர்கள் குடியேறினர். ஜப்பானிய மொழியில் இவர்களுக்கு 'டெகாசெகி' என்று பெயர். ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதித்துத் திரும்புகிறவர் என்பது அதன் பொருள். அந்தப் பெயரிலேயே திரும்புதல் என்ற எண்ணம் அடங்கியிருக்கிறது. இரண்டு வருடம், அதிகம் போனால் மூன்று வருடம், பிறகு பிரேசிலில் சொந்த வீடு, ஒரு சிறு கடை. இதுதான் அவர்களின் கணக்கு. தாத்தா காப்பித் தோட்டத்தில் போட்ட அதே கணக்கு!

முகம் ஒன்று, மொழி வேறு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துபாருங்கள். பிரேசிலில் அந்தக் குடும்பத்தை அக்கம்பக்கத்தார் 'ஜப்பானியர்' என்றே அழைத்தார்கள். கண்ணையும் முகத்தையும் பார்த்து வந்த பெயர் அது. பாட்டனாரின் நாட்டுக்குப் போனால் நாம் அந்நியராக இருக்கமாட்டோம் என்று அவர்கள் நம்பினார்கள். ஜப்பானில் வந்து இறங்கினார்கள். வாய் திறந்ததும் போர்த்துக்கீசியம் வந்தது. அன்றுமுதல் அவர்கள் 'பிரேசில்காரர்கள்'. அங்கே முகத்தால் அந்நியர், இங்கே மொழியால் அந்நியர்.

வேலை பெரும்பாலும் ஆள்சேர்க்கும் முகவர் நிறுவனங்கள் வழியாகவே கிடைத்தது. தொழிற்சாலை அவர்களை நேரடியாக வேலைக்கு எடுக்கவில்லை. வீடும் முகவர் ஏற்பாடு, காலையில் அழைத்துச்செல்லும் வண்டியும் முகவர் ஏற்பாடு. ஒருவகையில் இது வசதிதான். ஆனால், வேலை போனால் அன்றே வீடும் போகும். கூடுதல் நேர வேலை, இரவுப்பணி, பகல்பணி என்று மாறிமாறிவரும் முறை. கணவர் வரும்போது மனைவி புறப்படுவார். வாரக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ணாத குடும்பங்கள் உருவாயின.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறு சிக்கல்கள். டொயோட்டா நகரின் ஹோமி குடியிருப்பில், நாளடைவில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டவராகிவிட்டனர். ஜப்பானில் குப்பையை வகைபிரித்து, குறித்த நாளில், குறித்த இடத்தில்தான் வைக்கவேண்டும். அறிவிப்போ ஜப்பானிய மொழியில் மட்டும் இருந்தது. வார இறுதியில் நண்பர்கள் கூடிப் பாட்டுப்போட்டு, இறைச்சி சுட்டு உண்பது பிரேசில் மக்களுக்கு உறவின் அடையாளம். அமைதியை மதிக்கும் அண்டைவீட்டாருக்கு அது தொல்லை. இரு தரப்பிலும் கெட்டவர்கள் இல்லை. ஆனால், ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லும் மொழி இல்லை. மொழி இல்லாத இடத்தில் சந்தேகம் குடிபுகும்.

சில வேளைகளில் அது சந்தேகத்தோடு நிற்கவில்லை. 1998ல், ஹமமாட்சுவில் ஒரு நகைக்கடையில் பொருள் பார்த்துக்கொண்டிருந்த பெண் பத்திரிகையாளர் ஒருவர், தான் பிரேசில் நாட்டவர் என்று சொன்னதும், வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். அவர் நீதிமன்றம் சென்றார். 1999ம் ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 15 இலட்சம் யென் இழப்பீடு வழங்கும்படி ஆணையிட்டது. இனப்பாகுபாட்டுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கையை அடிப்படையாகக்கொண்ட அத்தீர்ப்பு ஜப்பானில் பெரிதும் பேசப்பட்டது.

பிள்ளைகள் கொடுத்த விலை

பிரிக்காத பெட்டிக்கு மிகப்பெரிய விலை கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பிள்ளைகள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஜப்பானின் அரசுப் பள்ளியில் இலவசமாகச் சேரலாம். ஆனால், கட்டாயக் கல்விச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஜப்பானியச் சிறுவன் பள்ளிக்கு வராவிட்டால் வீட்டுக்கே வந்து கேட்பார்கள். பிரேசில் சிறுவன் வராவிட்டால் கேட்கக் கடமைப்பட்டவர் எவருமில்லை. 2019ல் ஜப்பானின் கல்வி அமைச்சகம் நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, எல்லா நாடுகளையும் சேர்ந்த வெளிநாட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 20,000 பேர் பள்ளியிலேயே இல்லாமல் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

"அடுத்த வருடம் திரும்பிப் போகிறோம்" என்று பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் சொன்னார்கள். எனவே, சிலர் பிள்ளைகளை ஜப்பானியப் பள்ளியில் சேர்க்கவில்லை. போர்த்துக்கீசிய மொழியில் கற்பிக்கும் தனியார் பிரேசில் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கே கட்டணம் அதிகம். ஜப்பானியப் பள்ளிக்குப் போன பிள்ளைகளோ, சில ஆண்டுகளில் அப்பா அம்மாவின் மொழியை மறந்தார்கள். பெற்றோருக்கோ ஜப்பானிய மொழி தெரியாது. மருத்துவமனையில் அம்மாவின் நோயைப் பத்து வயதுச் சிறுமி மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. வளர்ந்த மகன் தன் மனக்கவலையை அப்பாவிடம் சொல்ல நினைத்தாலும், இருவருக்கும் பொதுவான சொல் கிடைக்கவில்லை. ஒரே கூரைக்குள் இரண்டு நாடுகள்!

இன்னொரு துயரமும் இருந்தது. பெற்றோரின் குடியுரிமையைப் பொறுத்தே ஜப்பான் ஒரு குழந்தைக்குக் குடியுரிமை தருகிறது. 1994ல் பிரேசில் தன் அரசியலமைப்பில் செய்த மாற்றத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த பிரேசில் பிள்ளைகள், பிரேசிலுக்கு வந்து வாழ்ந்தால் மட்டுமே குடியுரிமையை உறுதிசெய்ய முடியும் என்றானது. இதனால், ஜப்பானில் பிறந்து வளரும் குழந்தை, எந்த நாட்டுக்கும் உரிமையில்லாதவராக ஆகும் ஆபத்து ஏற்பட்டது. பல நாடுகளில் வாழ்ந்த பிரேசில் பெற்றோர் ஒன்றுசேர்ந்து போராடினார்கள். 2007ம் ஆண்டு செப்டம்பரில் அரசியலமைப்பு மீண்டும் திருத்தப்பட்டது. வெளிநாட்டில் உள்ள பிரேசில் தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்தாலே போதும் என்றானது. கொடியும் கடவுச்சீட்டும் இல்லாத குழந்தைக்காகத் தாய்மார் நடத்திய போராட்டம் அது.

கைகளும் மனிதர்களும்

2008ம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. கார் விற்பனை சரிந்தது. முகவர் வழியாக வந்தவர்கள் முதலில் நிறுத்தப்பட்டார்கள். வேலையோடு வீடும் போனது. கட்டணம் செலுத்த முடியாததால் பிரேசில் பள்ளிகள் பல மூடப்பட்டன. 2009ம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. நாடு திரும்ப விரும்பும் வேலையற்ற ஜப்பானிய வழித்தோன்றலுக்கு 3 இலட்சம் யென், குடும்பத்தில் அவரைச் சார்ந்த ஒவ்வொருவருக்கும் 2 இலட்சம் யென். ஆனால் ஒரு நிபந்தனை: அதே விசாவில் மீண்டும் வரக்கூடாது. ஏறக்குறைய 20,000 பிரேசில் நாட்டவர் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டனர். 2013ம் ஆண்டு அக்டோபரில்தான், வேலை ஒப்பந்தம் உள்ளவர்கள் திரும்பிவர அனுமதி கிடைத்தது.

உண்மையைச் சொன்னால், வழிச்செலவுக்குக்கூட வழியில்லாமல் தவித்த சிலருக்கு அந்தப் பணம் உதவியாக இருந்தது. ஆனால், ஜப்பானில் பிறந்து, ஜப்பானியப் பள்ளியில் படித்து, ஜப்பானிய மொழியில் கனவுகண்ட பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்? நீ இங்கே தேவைப்பட்டதெல்லாம் உன் அப்பாவின் கைகளுக்காகத்தான் என்று ஒரு நாடு சொல்வதுபோல் இருந்திருக்காதா? கைகளை அழைத்தார்கள். வந்ததோ மனிதர்கள். கைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், திருமணம் வேண்டாம், கல்லறைத்தோட்டம் வேண்டாம், கோவில் வேண்டாம். மனிதர்களுக்கு இவையெல்லாம் வேண்டும்.

உடைந்ததை ஒட்டிய அன்னை

ஜப்பானில் கத்தோலிக்கர் மிகச் சிறிய மந்தை. நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை. அப்படிப்பட்ட பங்குகளில், ஒரு ஞாயிறு காலை, குழந்தைகளோடும் கித்தாரோடும் புதியவர்கள் வந்து நின்றார்கள். பிரேசிலோடு பிலிப்பீன்ஸ், பெரு, வியட்நாம் நாடுகளின் மக்களும் வந்தார்கள். இன்று ஜப்பானில் வாழும் வெளிநாட்டுக் கத்தோலிக்கரின் எண்ணிக்கை, ஜப்பானியக் கத்தோலிக்கரின் எண்ணிக்கைக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது.

முதலில் அங்கேயும் சங்கடங்கள் இருந்தன. மௌனமாகச் செபிக்கப் பழகியவர்களுக்குக் கைதட்டிப் பாடும் வழிபாடு புதிது. திருப்பலி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கோவில் முற்றத்தில் நின்று மணிக்கணக்கில் பேசுவது புதிது. ஆனால், வாரம் முழுவதும் எண்ணாகவும் சீருடையாகவும் இருந்தவர் பெயர்சொல்லி அழைக்கப்பட்ட இடம் அந்த முற்றம்தான். வேலை இழந்தவருக்கு அரிசி கிடைத்த இடமும் அதுவே. போர்த்துக்கீசிய மொழியில் திருப்பலி நிறைவேற்றப் பிரேசிலிலிருந்து அருள்பணியாளர்கள் வந்தனர். ஒரு காலத்தில் ஜப்பானிலிருந்து பிரேசிலுக்கு ஒரு நகாமுரா போனார். இப்போது பிரேசிலிலிருந்து ஜப்பானுக்கு மேய்ப்பர்கள் வந்தார்கள். திருஅவையில் கடன் இப்படித்தான் தீர்க்கப்படுகிறது.

இது யாரோ செய்த தனிப்பட்ட தயவு அல்ல. 1887ல், இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்தோருக்காகவே ஒரு துறவு சபையை நிறுவினார் பியாசென்சா ஆயர் ஜொவான்னி பத்திஸ்தா ஸ்கலபிரினி. 2022ம் ஆண்டு அக்டோபர் 9ம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1952ல் திருத்தந்தை 12ம் பயஸ், குடிபெயர்ந்தோரின் மேய்ப்புப்பணிக்கென ஒரு திருத்தூதுக் கொள்கை விளக்கத்தை வெளியிட்டார். எகிப்துக்குத் தப்பியோடிய திருக்குடும்பத்தையே அதன் தொடக்கத்தில் முன்னிறுத்தினார். அந்நிய மண்ணில் இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிச்சென்ற யோசேப்பும் மரியாவும், குடிபெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்மாதிரிகள்.

அக்டோபர் 12ம் நாள், ஜப்பானில் உள்ள பிரேசில் மக்கள் தங்கள் நாட்டின் பாதுகாவலியாகிய அப்பரெசிதா அன்னையைக் கொண்டாடுகிறார்கள். 1717ம் ஆண்டு, பிரேசிலின் பரைபா ஆற்றில் மூன்று ஏழை மீனவர்கள் வலைவீசினர். மீன் கிடைக்கவில்லை. வலையில் ஒரு சிறிய களிமண் சுரூபத்தின் உடல்பகுதி மட்டும் சிக்கியது. மீண்டும் வீசியபோது தலை கிடைத்தது. அதன்பின் ஏராளமாக மீன் கிடைத்ததென்று மரபு சொல்கிறது. அந்த மீனவர்கள் உடலையும் தலையையும் எடுத்துச்சென்று ஒட்டிவைத்துச் செபித்தார்கள். 2013ல் பிரேசில் சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், அந்நாட்டு ஆயர்களிடம் இந்நிகழ்வை விளக்கி, உடைந்ததை ஒன்றுசேர்ப்பதே இறைவன் நமக்குத் தரும் செய்தி என்று சுட்டிக்காட்டினார்.

உடல் ஓரிடத்தில், தலை வேறிடத்தில். குடிபெயர்ந்தவரின் நிலையும் இதுதானே? உடல் ஹமமாட்சுவின் தொழிற்சாலையில், நினைவு சாவோ பவுலோவின் தெருவில். இரண்டையும் ஒரே வலையில் சேர்ப்பவர் யார்? அவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு குழுமம்தான்.

பெட்டி பிரிக்கப்படுகிறது

மாற்றங்களும் நிகழ்ந்தன. 2001ம் ஆண்டு அக்டோபரில், வெளிநாட்டவர் மிகுந்து வாழும் 13 நகராட்சிகள் ஹமமாட்சுவில் கூடின. பிள்ளைகளின் கல்வி, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு வழிசெய்யும்படி ஜப்பானின் நடுவண் அரசை அவை கேட்டுக்கொண்டன. குப்பை அறிவிப்புகள் போர்த்துக்கீசியத்திலும் எழுதப்பட்டன. ஹோமி குடியிருப்பில் சிறுவர்களுக்கு மொழி சொல்லித்தரப்பட்டது. இன்று ஏறக்குறைய 2,10,000 பிரேசில் நாட்டவர் ஜப்பானில் வாழ்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்கள். வீடு வாங்கியவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு, பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் உண்டு. இரண்டு வருடத்திற்கென்று வந்தவர்கள், முப்பது வருடம் கழித்து, எரேமியாவின் கடிதத்தை வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பெட்டியைப் பிரிப்பது வந்தவருடைய கையில் மட்டும் இல்லை. 'இங்கே வை, இதோ இடம்' என்று யாராவது ஒருவர் அலமாரியில் கொஞ்சம் ஒதுக்கித் தரவேண்டும். வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல் என்ற நான்கு வினைச்சொற்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் மீண்டும் மீண்டும் நமக்கு நினைவூட்டினார். முதலாவதைச் செய்து மற்ற மூன்றையும் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் ஜப்பானின் அனுபவம் காட்டுகிறது.

அன்பு இறைமக்களே, நம் கோவிலின் கடைசி வரிசையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். நம் மொழி தெரியாமல், பிறர் எழும்போது எழுந்து, முழந்தாளிடும்போது முழந்தாளிட்டு, திருப்பலி முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போகிற ஒருவர் அங்கே இருக்கிறாரா? அவர் பெயர் நமக்குத் தெரியுமா? அவருடைய பிள்ளை மறைக்கல்வி வகுப்பில் இருக்கிறதா? அந்நியரைத் தன்னைப்போல் நேசிக்கவேண்டும், ஏனெனில் நீயும் ஒரு காலத்தில் எகிப்தில் அந்நியன் என்று ஆண்டவர் இஸ்ரயேலுக்குக் கற்பித்தார் (லேவியர் 19:34). தாத்தா பட்ட துன்பத்தைப் பேரன் மறந்துவிடக்கூடாது என்பதற்காகத் தரப்பட்ட கட்டளை அது.

இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். அந்தக் கடைசி வரிசைக்காரரிடம் போய், அவருடைய பெயரைக் கேட்போம். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லி அழைப்போம்.

எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த ஆண்டவர் இயேசுவே, தொலைதூரத்தில் பிழைக்கும் எம் சகோதர சகோதரிகளைக் காத்தருளும். இரண்டு நாடுகளுக்கும் இரண்டு மொழிகளுக்கும் இடையே வளரும் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தாரும். வந்தவரின் பெட்டிக்கு இடம் ஒதுக்கித்தரும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.